பீட் சேர்ந்தும் காது கூசுவது ஏன்? டீப் ஹவுஸில் ஹார்மோனிக் மிக்ஸிங்

[திரை: இரண்டு டெக், நடுவில் மிக்ஸர். இடது டெக் ஓடுகிறது.]

இடது டெக்கில் (பாட்டை ஓட்டும் கருவி) ஓடுவது 120 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில், ஒரு டீப் ஹவுஸ் ட்ராக், மெதுவான நடன இசை. எலெக்ட்ரிக் பியானோ, பின்னால் நீளமாக இழுக்கும் பேட், உருண்டு வரும் பேஸ். இப்போது வலது ஃபேடரை (ஒலியளவுத் தள்ளுவிசை) ஏற்றுகிறேன். கேளுங்கள்.

[ஒலி: இரண்டு ட்ராக்கும் சேர்ந்து, 8 வினாடி.]

கிக்கோடு கிக், அதாவது பெரிய டிரம்மின் தட்டோடு தட்டு, அச்சாகப் பொருந்தியிருக்கிறது. ஆனாலும் கூசுகிறது, இல்லையா? தம்புரா ஒரு சுருதியில் நிற்க, பாடுபவர் வேறொரு சுருதியில் எடுத்த மாதிரி. இடது ட்ராக் ஏ மைனர், நம்ம ஊர்க் கணக்கில் ஆறு கட்டை. வலது ட்ராக் பி ஃப்ளாட் மைனர், ஆறரைக் கட்டை. அரைக்கட்டைதான் வித்தியாசம், ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஸ்வரங்கள் ஏழில் 2 மட்டும்தான்.

தாளமே பிரதானமாக ஓடும் ட்ராக்குகளில் இதை ஒப்பேற்றிவிடலாம். மெதுவான ஹவுஸில் முடியாது. ஒரு கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு, இரண்டு பார், நான்கு பார் (ஒரு பார் நான்கு தட்டு) என்று நின்று ஒலிக்கிறது. ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

[திரை: கேமலாட் வீல்.]

சுருதி பார்த்து ட்ராக்குகளைச் சேர்ப்பதுதான் ஹார்மோனிக் மிக்ஸிங். அதற்குத்தான் இந்தச் சக்கரம்: ஒவ்வொரு இடமும் ஒரு கீ, அதாவது ட்ராக்கின் சுருதியும் அதன் ஏழு ஸ்வரங்களும். கடிகாரம் போல 12 எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஏ, பி என்று இரண்டு. இந்த ஏ ஸ்வரத்தின் பெயர் இல்லை, மைனர் என்பதற்கான அடையாளம். பி என்றால் மேஜர். (இப்படிப் பெயர் வைத்ததில் குழம்பாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.) ஏ மைனர் 8ஏ. பக்கத்தில் 9ஏ, அது ஈ மைனர். இந்தப் பக்கம் 7ஏ, டி மைனர். 8ஏவின் 'ச'விலிருந்து பார்த்தால் 9ஏவின் 'ச' அதன் 'ப', 7ஏவின் 'ச' அதன் 'ம'. அவ்வளவுதான் சூட்சுமம். பக்கத்து எண்ணுக்குப் போனால் ஏழு ஸ்வரங்களில் 6 மாறாது. 8பிக்குப் போனால் ஏழுமே அதேதான். நாம் கேட்ட அந்த பி ஃப்ளாட் மைனர் எங்கே இருக்கிறது பாருங்கள்: 3ஏ. பியானோவில் பக்கத்து வீடு, சக்கரத்தில் எங்கோ தூரத்து ஊர்.

அப்போ எண்ணைப் பார்த்துப் போட்டால் முடிந்ததா? இல்லை. மாறுகிற அந்த ஒரு ஸ்வரத்தைக் கவனியுங்கள். ஏ மைனரில் அது எஃப், ஈ மைனரில் எஃப் ஷார்ப். இடது ட்ராக்கின் கார்டில் எஃப் நிற்கும் அதே இரண்டு பாரில் வலது ட்ராக் எஃப் ஷார்ப் வாசித்தால்...

[ஒலி: இரண்டு கார்டும் சேர்ந்து, 4 வினாடி.]

சக்கரம் சரி என்றது, காது இல்லை என்கிறது. அதனால் எந்த ட்ராக் என்பதோடு, எந்த இடத்தில் சேர்க்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 120 பிபிஎம்மில் ஒரு பார் 2 வினாடி, 16 பார் 32 வினாடி. வெளியேறும் ட்ராக்கில் பியானோ ஓய்ந்து பேட் மட்டும் மிஞ்சும் 16 பாரைத் தேடுங்கள். அதன் மேல் புதிய ட்ராக்கின் டிரம்ஸை மட்டும் விடுங்கள், லோ ஈக்யூவை (பேஸ் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு) முழுக்க இறக்கிவைத்து. பேஸ் விஷயத்தில் நான் கறார்: கீ ஒன்றாகவே இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒரு பேஸ்தான். 17ஆம் பாரின் முதல் கிக்கில் இடது லோ கீழே, வலது லோ மேலே.

அப்புறம் கீ லாக், வேகத்தை மாற்றினாலும் சுருதியை மாறாமல் பிடித்துவைக்கும் வசதி. அது அணைந்திருந்தால் வேகத்தோடு சுருதியும் ஏறும். சுமார் 6 சதவீதத்துக்கு ஓர் அரைக்கட்டை. 120ஐ 127 ஆக்கினால் ஏ மைனர் பி ஃப்ளாட் மைனராகிவிடும். பழைய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளில் பிட்ச் ஸ்லைடர் மேலும் கீழும் 8 சதவீதம் போகும், கீ லாக் கிடையாது. வினைல் ஆட்கள் காதை நம்பித்தான் சேர்த்தார்கள்.

கீ லாக்கை அணைப்பதே மருந்தாவதும் உண்டு. ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் இரண்டு ட்ராக் போட்டேன், மென்பொருள் இரண்டையும் 8ஏ என்றது. சேர்த்தால் புளித்தது. ஒன்று வினைலிலிருந்து பதிவு செய்தது, அரைக்கட்டையில் கால் பங்கு கீழே நின்றது. மென்பொருள் அதை அருகிலிருக்கும் கீயில் அடைத்துவிட்டது. கீ லாக்கை அணைத்து அதை 122க்கு ஏற்றினேன், மற்றதைக் கீ லாக்கோடு 122க்குக் கொண்டுவந்தேன். சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து சந்தேகம் வந்தால் ஹெட்ஃபோனில் ட்ராக்கைக் கேட்டுக்கொண்டே ஒரு சின்ன கீபோர்டில் அந்த 'ச'வை அழுத்திப் பார்த்துவிடுகிறேன்.

சரி, அதே இடது ட்ராக். வலதில் இப்போது 9ஏ. பியானோ ஓய்கிறது, டிரம்ஸ் ஏறுகிறது. அடுத்த 32 வினாடி நான் பேசப்போவதில்லை. பேஸ் எங்கே கைமாறுகிறது என்று மட்டும் கேளுங்கள்.

[ஒலி: முழு மிக்ஸ்.]