இறந்தது எந்த நட்சத்திரம்?

(திரையில்: சிலி நாட்டில் ஒரு வறண்ட மலை உச்சி. இரவு. பலத்த காற்றின் சத்தம்.)

1987 பிப்ரவரி 23ஆம் தேதி இரவு. சிலியின் லாஸ் காம்பனாஸ் வானாய்வகத்தில் இயன் ஷெல்டன் என்ற கனடாக்காரர், ஒரு 10 அங்குலத் தொலைநோக்கியை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். நமக்குப் பக்கத்துக் கேலக்ஸியான பெரிய மெகல்லானிக் மேகம்தான் அவர் குறி. ஒரே கண்ணாடித் தகட்டில் மூன்று மணி நேரமாக ஒளியைச் சேர்த்தாகிவிட்டது. காற்று வேறு பேய்த்தனமாக அடிக்கிறது. சரி, இன்றைக்கு இது போதும் என்று நிறுத்துகிறார். தூங்கப் போவதற்கு முன் இந்தத் தகட்டை மட்டும் கழுவிப் பார்த்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

கழுவினால், அந்த மேகத்துக்குள் டரன்டுலா நெபுலா என்ற வாயுத் திரளுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய புள்ளி. அங்கே அப்படி எதுவும் இருக்கக் கூடாது. தகட்டில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தார். அப்புறம் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

பக்கத்துத் தொலைநோக்கிக் கட்டடத்துக்குப் போய்ச் சொன்னார். அங்கே வேலை பார்த்த ஆஸ்கர் துஹால்டே, "நானும் பார்த்தேனே" என்றார். சற்று முன்பு வெளியே வந்தபோதே அந்தப் புது நட்சத்திரத்தைக் கவனித்திருக்கிறார். உள்ளே திரும்பியதும் வேலை மும்முரத்தில் சொல்ல விட்டுப்போயிற்று. அந்த வானம் அவருக்கு அவ்வளவு பழக்கம்.

அது ஒரு சூப்பர்நோவா, அதாவது ஒரு நட்சத்திரம் வெடித்துச் சாவது. 1604இல் வானியலாளர் கெப்ளர் பார்த்த சூப்பர்நோவாவுக்குப் பிறகு, வெறும் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த சூப்பர்நோவா இதுதான். 383 வருட இடைவெளி. பெயர் எஸ்என் 1987ஏ. அது வெடித்த மெகல்லானிக் மேகம் நம் வானத்தில் தெற்கே வெகு தாழ்வாகத்தான் தெரியும். பிப்ரவரி மாலைகளில் கன்னியாகுமரியில் நின்று பார்த்தாலும், கடலுக்கு மேலே 13 டிகிரி உயரத்தைத் தாண்டாது.

வெடித்தது தெரிந்துவிட்டது. செத்தது யார்? எனக்கு இந்த வெடிப்பில் மிகவும் பிடித்த கேள்வி இது. அதுவரை பார்த்த சூப்பர்நோவாக்களில் பெரும்பாலானவை வெகு தொலைவில் நடந்தவை. வெடிப்பு தெரியும், வெடிப்பதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்பது தெரியாது. கோட்பாடு மட்டும் கையில் இருந்தது.

அந்தக் கோட்பாட்டைப் பார்த்துவிடலாம்.

(திரையில்: ஒரு நட்சத்திரத்தின் குறுக்குவெட்டு. மையம் பளிச்சென்று.)

சூரியனைப்போல் 25 மடங்கு நிறை கொண்ட ஒரு நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மையத்தில் ஹைட்ரஜன் எரிந்து தீர, அதாவது அணுக்கள் இணைந்து அடுத்த தனிமமாக மாறித் தீர, ஏறக்குறைய 70 லட்சம் வருடம். ஹீலியம் சுமார் 5 லட்சம் வருடம். கார்பன் 600 வருடம். நியான் ஒரு வருடம், ஆக்சிஜன் ஆறு மாதம். கடைசியாக சிலிக்கான், ஒரே நாள்! அந்த ஒரு நாளில் மையம் இரும்பாகிவிடும். இரும்பை எரித்தால் ஆற்றல் கிடைக்காது. அடுப்பு அணைந்த மாதிரிதான்.

அணைந்த அந்த மையம் எவ்வளவு எடையைத் தாங்கும்? இதற்கான அடிப்படைக் கணக்கைப் போட்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்து, 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது 19 வயதில் அந்தக் கணக்கைத் தொடங்கினார். அவர் யோசித்தது வெள்ளைக் குள்ளன்களைப் பற்றி, அதாவது எரிந்து முடிந்து சுருங்கிப்போன சிறிய நட்சத்திரங்களைப் பற்றி. ஆனால் இரும்பு மையத்தைத் தாங்குவதும் அந்தக் குள்ளன்களைத் தாங்கும் அதே எலக்ட்ரான் அழுத்தம்தான். சூரிய நிறையைப்போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்டினால் தாங்காது. ஒரு நொடிக்குள் இடிந்து உள்ளே விழுந்துவிடும். பூமி அளவில் இருந்தது ஒரு நகரத்தின் அளவுக்குச் சுருங்கும். அங்கிருந்து கிளம்பும் அதிர்வலை வெளி அடுக்குகளைச் சிதறடிக்கும். அதுதான் வெடிப்பு.

சரி, அப்படி வெடிக்கும்போது வெளியே அந்த நட்சத்திரம் எப்படித் தெரியும்? ஊதிப் பெருத்து, சிவந்து போயிருக்கும் என்பதே அன்றைய எதிர்பார்ப்பு. நம் திருவாதிரை நட்சத்திரம் மாதிரி.

இப்போது சிலிக்குத் திரும்புவோம். பழைய படங்களை எடுத்து, வெடித்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று தேடினார்கள். இருந்தது. நிக்கலஸ் சாண்டுலீக் என்ற வானியலாளர் அந்தக் கேலக்ஸியின் நட்சத்திரங்களைப் பட்டியல் போட்டபோது அதற்கும் ஒரு எண் கொடுத்திருந்தார்: சாண்டுலீக் -69 202. யாரும் தனியாகக் கவனிக்காத நட்சத்திரம். அதன் நிறம் நீலம்!

நீல நட்சத்திரம் எப்படி வெடிக்கும்? ஆளை மாற்றிச் சொல்கிறோமோ என்று சந்தேகம் வந்தது. ராபர்ட் கிர்ஷ்னர் குழுவினர் ஐயூஈ என்ற புற ஊதா செயற்கைக்கோள் வழியாகப் பார்த்தார்கள். வெடிப்பின் புற ஊதா ஒளி சில நாட்களில் மங்கியதும், அதே இடத்தில் நீல ஒளி மிச்சம் இருந்தது. சாண்டுலீக் நட்சத்திரம் உயிரோடுதான் இருக்கிறது என்றுகூட முதலில் தோன்றியது. இடத்தை நுணுக்கமாக அளந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மிச்சம் இருந்தவை அதை ஒட்டித் தெரிந்த வேறு இரண்டு மங்கலான நட்சத்திரங்கள். சாண்டுலீக்கின் நீல நட்சத்திரத்தைக் காணவில்லை. செத்தது அதுதான்.

இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. கடிகாரம்.

மையம் இடிந்து விழும்போது ஆற்றலில் 99 சதவீதம் நியூட்ரினோக்களாக, அதாவது எதையும் ஊடுருவிப் போகும் நுண்துகள்களாக, உடனே வெளியேறிவிடும். ஒளி அப்படி இல்லை. அதிர்வலை நட்சத்திரத்தின் மேற்பரப்பை எட்டினால்தான் வெளியே தெரியும். ஜப்பானின் கமியோகா சுரங்கத்தில், நிலத்துக்கு அடியில் 1,000 மீட்டர் ஆழத்தில், 3,000 டன் தண்ணீர்த் தொட்டி ஒன்று காத்திருந்தது. முதலில் புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்கக் கட்டியது அது. அங்கே பதிவானவை 11 நியூட்ரினோக்கள். அமெரிக்காவில் 8, சோவியத் யூனியனில் 5. மொத்தம் 24.

நேரத்தைக் கவனியுங்கள். நம்மூர்க் கணக்கில் பிப்ரவரி 23, திங்கட்கிழமை மதியம் 1 மணி 5 நிமிடம். அன்று உயிரோடு இருந்த ஒவ்வொருவருடைய கட்டைவிரல் நகத்தின் வழியாகவும் அந்த நட்சத்திரத்தின் நியூட்ரினோக்கள் சில நொடிகளில் ஆயிரம் கோடிக்கு மேல் கடந்து போயிருக்கின்றன. பலர் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

சுமார் இரண்டு மணி நேரம் கழித்து, நியூசிலாந்தின் ஆல்பர்ட் ஜோன்ஸ் தன் தொலைநோக்கியில் அதே பகுதியைப் பார்த்தார். புதிதாக ஒன்றும் இல்லை. இன்னும் ஒரு மணி நேரம் போனதும் ஆஸ்திரேலியாவில் எடுத்த படத்தில் வெடிப்பு விழுந்திருந்தது. ஆக, அதிர்வலை வெளியே வர எடுத்துக்கொண்டது இரண்டு மூன்று மணி நேரம்தான். ஊதிப் பெருத்த சிவப்பு நட்சத்திரமாக இருந்தால் ஒரு நாள்போல ஆகியிருக்கும். நீல நட்சத்திரம் சிவப்பைப்போல் ஊதியிருக்காது, அளவில் சிறியது. வெடித்தது அதுதான் என்று கடிகாரமும் சொல்லிவிட்டது. ஜோன்ஸ் ஒரு பொழுதுபோக்கு வானியலாளர். "ஒன்றும் இல்லை" என்று ஒருவர் பொறுப்பாகக் குறித்துவைத்தது எவ்வளவு பெரிய தகவலாகிவிட்டது பாருங்கள்.

அது ஏன் நீலமாக இருந்தது? இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றோடு ஒன்று கலந்து உருவானது என்பது இன்று வலுவாக நிற்கும் விளக்கம். வெடித்த இடத்தைச் சுற்றி மூன்று வளையங்கள் இருக்கின்றன. வெடிப்பதற்குச் சுமார் 20,000 வருடம் முன்பு நட்சத்திரம் உதறிய வாயு அது. கலந்தபோது சிதறியதாக இருக்கலாம்.

(திரையில்: ஒரே இடத்தின் இரண்டு படங்கள், முன்பும் பின்பும். மாறி மாறி.)

"முன்பு என்ன இருந்தது?" என்று பழைய படங்களில் தேடுவது அப்புறம் ஒரு தனி ஆராய்ச்சியாகவே வளர்ந்தது. ஸ்டீபன் ஸ்மார்ட் குழுவினர் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்துவைத்த பழைய படங்களைத் துழாவி, வெடித்த நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார்கள். எதிர்பார்த்தபடி சிவப்பு நட்சத்திரங்கள் கிடைத்தன. ஆனால் 2009இல் அவர்கள் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது, வெடித்தவற்றின் நிறை சூரியனைப்போல் 8 முதல் 17 மடங்கு வரைதான் வந்தது. அதற்கு மேல் 25 மடங்கு வரை சிவப்பு நட்சத்திரங்கள் வானத்தில் இருக்கின்றன. அவை வெடித்து யாரும் பார்க்கவில்லை.

சத்தமில்லாமல் கருந்துளையாகி விடுகின்றனவா? கிறிஸ்டோபர் கோச்சனெக் குழுவினர் இதைப் பிடிக்க, மறைந்துபோகும் நட்சத்திரங்களைத் தேடினார்கள். என்ஜிசி 6946 என்ற கேலக்ஸியில் 25 மடங்கு நிறையுள்ள ஒன்று 2009இல் கொஞ்சம் பிரகாசமாகி, பிறகு காணாமல் போயிற்று. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அங்கே அகச்சிவப்பில் இன்னும் ஏதோ ஒளிர்வதைக் காட்டியது. செத்ததா இல்லையா என்ற வழக்கு முடியவில்லை.

சாண்டுலீக் நட்சத்திரத்தின் வழக்கில் உடல் கிடைத்த மாதிரி இருக்கிறது. 2024இல் ஜேம்ஸ் வெப், வெடிப்பின் நட்டநடுவே எலக்ட்ரான்களை இழந்த ஆர்கானும் கந்தகமும் ஒளிர்வதைக் கண்டது. அவற்றை அப்படி ஒளிரவைக்க நடுவில் ஒரு நியூட்ரான் நட்சத்திரம், அதாவது இடிந்து சுருங்கிய அந்த மையம், இருக்க வேண்டும். தூசிக்குள் மறைந்திருப்பதால் அதை இன்னும் நேராகப் பார்த்தவர் இல்லை.