கலிஃபோர்னியாவில் எல்சிஎஸ்டபிள்யூ லைசென்ஸ்: எந்த மணி நேரம் கணக்கில் ஏறும்?

வணக்கம் மக்களே. கலிஃபோர்னியாவில எல்சிஎஸ்டபிள்யூ, அதாவது மனநல சிகிச்சை தர்ற க்ளினிக்கல் சோஷியல் வொர்க்கர் லைசென்ஸுக்கு 3,000 மணி நேரம் சூப்பர்விஷன்ல வேலை பார்க்கணும்னு எல்லாருக்கும் தெரியும். அதுல எது கணக்குல ஏறும், எது ஏறாதுங்கறதுலதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. இன்னிக்கு அதைத்தான் பேசப் போறோம்.

முதல்ல படிப்பு. சிஎஸ்டபிள்யூஇ, அதாவது அமெரிக்காவோட சமூகப்பணிக் கல்வி கவுன்சில், அங்கீகரிச்ச எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி மாஸ்டர்ஸ் டிகிரி) வேணும். சென்னையிலயோ திருச்சியிலயோ படிச்சவங்க, உங்க டிகிரி இங்கத்த எம்எஸ்டபிள்யூக்குச் சமம்னு அதே சிஎஸ்டபிள்யூஇ-கிட்ட மதிப்பீடு வாங்கணும். இங்க மாஸ்டர்ஸுக்குக் குறைஞ்சது 900 மணி நேரம் களப்பணி உண்டு. அதனால மார்க் ஷீட்டோட நிக்காம, சிலபஸ், களப்பணி மணி நேரம் ரெண்டையும் டிபார்ட்மென்ட் சீலோட வாங்கி வெச்சுக்கோங்க. ஊர்ல இருக்கும்போதே வாங்கிட்டா அலைச்சல் மிச்சம்.

அடுத்து, பிபிஎஸ்ல, அதாவது லைசென்ஸ் குடுக்கற போர்டு ஆஃப் பிஹேவியரல் சயின்சஸ்ல, ஏஎஸ்டபிள்யூவா, அதாவது அசோசியேட் சோஷியல் வொர்க்கரா பதிவு. ஏஎஸ்டபிள்யூ நம்பர் வந்த பிறகு பார்க்கிற வேலைதான் கணக்கு. ஒரே ஒரு விலக்கு: டிகிரி கிடைச்ச 90 நாளுக்குள்ள உங்க விண்ணப்பம் போர்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தா, இடையில பார்த்த மணி நேரமும் சேரும். ஆனா அந்த வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே லைவ் ஸ்கேன்ல (எலக்ட்ரானிக்கா கைரேகை எடுக்கற முறை) கைரேகை குடுத்திருக்கணும், அந்த ஃபார்ம் காப்பி கையில இருக்கணும். ‘ஆபீஸ்லயே எடுப்பாங்க’ன்னு காத்திருந்தா அந்த வாரமெல்லாம் போச்சு. நம்பர் வர்ற வரைக்கும் பிரைவேட் பிராக்டிஸ்ல வேலை பார்க்கவும் கூடாது.

இப்ப அந்த 3,000. வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல சேராது. 75 வாரத்துல முடிச்சிடலாம்னு கணக்குப் போடாதீங்க. குறைஞ்சது 104 வாரம் ஆகணும். 2,000 மணி நேரமாவது டயக்னோசிஸ், அசெஸ்மென்ட், ட்ரீட்மென்ட்டா இருக்கணும். அதுக்குள்ள 750 மணி நேரம் க்ளையன்ட்டை நேரடியாப் பார்த்துப் பண்ற சைக்கோதெரபி. ட்ரெயினிங், ரிசர்ச், க்ளையன்ட்டுக்காகப் பேசற அட்வகசி எல்லாம் சேர்த்து 1,000-தான் உச்சம். கேஸ் மேனேஜ்மென்ட் வேலையிலயே இருக்கறவங்க இந்த 750-க்குத்தான் திண்டாடறாங்க. வேலைக்குச் சேர்றப்பவே ‘வாரத்துக்கு எத்தனை தெரபி க்ளையன்ட் தருவீங்க?’ன்னு கேட்டுடுங்க.

சூப்பர்விஷன் விஷயம்தான் ரொம்ப முக்கியம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் தனியா, இல்ல ரெண்டு மணி நேரம் குரூப்பா. இதை ஒரு யூனிட்னு சொல்வாங்க. அந்த வாரம் யூனிட்டே இல்லைன்னா அந்த வாரத்து வேலை முழுக்கக் கணக்குல வராது. ஒரே இடத்துல 10 மணி நேரத்துக்கு மேல நேரடி கவுன்சலிங் பண்ணினா இன்னொரு யூனிட் வேணும். 14 மணி நேரம் க்ளையன்ட் பார்த்துட்டு ஒரு யூனிட் மட்டும் வாங்கினீங்கன்னா, கவுன்சலிங்ல 10-தான் நிக்கும். சூப்பர்வைசர் லீவ் போற வாரத்துக்கு மாற்று ஆள் யாருன்னு முன்கூட்டியே எழுத்துல வாங்கிடுங்க. 3,000-ல 1,700 மணி நேரமாவது எல்சிஎஸ்டபிள்யூ சூப்பர்வைசர்கிட்ட இருக்கணும். மணி நேரத்தைப் பதிவு பண்ற வாராந்திர லாக்ல அந்தந்த வாரமே சூப்பர்வைசர்கிட்ட கையெழுத்து வாங்குங்க. அவங்க வேலை மாறிப் போயிட்டா தேடிப் பிடிக்கறது பெரும்பாடு.

சம்பளம் டபிள்யூ-2-ல (ஊழியருக்குத் தர்ற வரிப் படிவம்) வரணும். 1099-ல (கான்ட்ராக்டருக்குத் தர்ற வரிப் படிவம்) கான்ட்ராக்டரா எடுக்கறேன்னு சொன்னா வேண்டாம்னுடுங்க, அந்த மணி நேரம் செல்லாது. லைசென்ஸ் தேர்வுக்கு விண்ணப்பம் போடற நாள்லேருந்து 6 வருஷத்துக்கு முந்தினதும் சேராது. பார்ட் டைம்ல இழுத்துட்டுப் போறவங்களுக்குப் பழைய மணி நேரம் ஒண்ணொண்ணா உதிர்ந்துட்டே வரும்.

தேர்வு ரெண்டு. சட்டம், தொழில் நெறி பத்தின லா அண்ட் எதிக்ஸை முதல் வருஷமே எழுதிடுங்க. எழுதாம பதிவைப் புதுப்பிக்க முடியாது. மணி நேரத்தைப் போர்டு ஏத்துக்கிட்ட பிறகு ஏஎஸ்டபிள்யூபி (சமூகப்பணி லைசென்ஸ் போர்டுகளோட சங்கம்) நடத்தற க்ளினிக்கல் தேர்வு. தவறிட்டா 90 நாள் காத்திருக்கணும். பாஸ் பண்ணினா லைசென்ஸ் தானா வீட்டுக்கு வராது. ஒரு வருஷத்துக்குள்ள இனிஷியல் லைசென்ஸுக்குத் தனியா விண்ணப்பம் போட்டு ஃபீஸ் கட்டணும்.