அந்தமான் போகிறீர்களா? முதலில் கடலின் நேரத்தைக் கேளுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஒகேனக்கல் பரிசல் துறைக்கு மேலே ஒரு பாறையில் உட்கார்ந்திருக்கிறேன். கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறது. பரிசல்களைக் கரையில் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். நீர்வரத்து கூடினால் ஓட்ட விடமாட்டார்கள், உங்களுக்குத் தெரியும். பென்னாகரத்துக்காரர் யாராவது, காவிரி நீர்வரத்தை அளக்கும் பிலிகுண்டுலுவில் இன்றைக்கு எத்தனை கனஅடி என்று கேட்காமல் விருந்தாளியை இங்கே கூட்டி வருவாரா? அந்தப் பழக்கத்தை அந்தமானுக்குப் போனபோது நான் மறந்துவிட்டேன். ஒரு நாள் வீணாகிவிட்டது.

நீல் தீவு, 2018-லிருந்து ஷஹீத் தீவு என்று பெயர். அங்கே கடலோரப் பாறை ஒன்று பாலம் மாதிரி வளைந்து நிற்கும். மதியச் சாப்பாட்டை முடித்து ஆற அமரப் போனோம். பாலத்துக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர். கூட்டிப் போனவர் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கே இளநீர் விற்ற அக்கா தமிழ்க்காரர். “ஏத்தத்துல வந்துட்டீங்களே தம்பி, வத்தத்துல வாங்க” என்றார்.

விஷயம் இதுதான். அங்கே கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஏறத்தாழ 6 மணி நேரம். அந்த நேரமும் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மிக அதிகமாக வற்றும். போர்ட் பிளேருக்கான (2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்) ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியல், போனிலேயே கிடைக்கிறது. அறை போடுவதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

மறுநாள் வற்றத்தில் போனோம். அதே இடமா இது என்று இருந்தது. பாறைக் குழிகளில் எல்லாம் தண்ணீர் தேங்கி, ஒவ்வொன்றிலும் ஓர் உலகம். கடல் அட்டை, நட்சத்திர மீன், விரல் நீளத்தில் நீல மீன். ஒரு குழியின் பக்கத்திலேயே அரை மணி நேரம் குந்தியிருந்தேன். செத்த பவளப்பாறை கத்தி மாதிரி இருக்கும், பாசியும் வழுக்கும். பின்பட்டை வைத்த ரப்பர் செருப்பு போடுங்கள்.

அலையாத்திக் காட்டுக்குள் கயாக் ஓட்டுவதற்கு இதற்கு நேர்மாறு. நீர் ஏறியிருந்தால்தான் வேர்களுக்கு நடுவே படகு நுழையும். உப்புநீர் முதலைகள் உள்ள தீவுகள் இவை. எச்சரிக்கைப் பலகை இருந்தால் காலைக்கூட நனைக்காதீர்கள்.

ஹேவ்லாக் தீவில் (2018-லிருந்து ஸ்வராஜ் தீவு) ராதாநகர் கடற்கரை அழகு, கட்டாயம் போங்கள். ஆனால் எனக்கு மனசு நின்றது எலிஃபன்ட் கடற்கரையில். முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தால் கீழே பவளம். அது கல் அல்ல, உயிர். கடல் சூடேறினால் வெளுத்துப்போகும். 2010-இல் அங்கே அப்படி நிறைய வெளுத்தது. அதன் மேல் கால் ஊன்றாதீர்கள். நீச்சல் தெரியாவிட்டால் மிதவைச் சட்டையோடு மிதந்தாலே போதும், எல்லாம் தெரியும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

அப்புறம், வெயில் நேரம். அந்தமான் நமக்கு வெகு கிழக்கே. கடிகாரம் ஒன்றுதான், சூரியன் மட்டும் தருமபுரியைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாக உதித்து, முன்னதாகவே மறைகிறது. சாயங்காலம் ஐந்தரைக்கே இருட்டத் தொடங்கிவிடும். நான்கு மணிக்கு மேல் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

என் மகள் ஒரு சங்கை எடுத்துப் பையில் போட்டாள். அந்த ஓட்டுக்குள் நண்டு குடியேறும், அதற்கு வீடு வேண்டாமா என்று கேட்டதும் திரும்ப மணலில் வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்த்தோம். நண்டு வரவில்லை. நீர்தான் ஏறி வந்தது, அந்தச் சங்கை மூடியது.