மாலை ஐந்து மணிக்கு மைதானம் யாருக்கு?

(நாகர்கோவிலில் மகளிர் நாள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம். விளையாட்டில் பெண்கள் ஆண்களுக்கு நிகராகப் போட்டியிட முடியுமா என்ற கேள்வியை என்னிடம் தந்திருக்கிறீர்கள். மழுப்பாமல் விடை சொல்ல விரும்புகிறேன்.

நூறு மீட்டர் ஓட்டத்தில் உசைன் போல்ட் 2009-இல் எடுத்துக்கொண்ட நேரம் 9.58 விநாடி. பெண்களில் ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 1988-இல் நிறுவிய சாதனை 10.49 விநாடி. பருவமடையும் வயதில் ஆணுடலில் பெருகும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் தசையையும் எலும்பையும், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினையும் கூட்டிவிடுவதால், இந்த இடைவெளியைப் பயிற்சியால் மட்டும் அடைக்க இயலாது. ஆகவே ஓட்டத்திலும் பளுதூக்குதலிலும் பெண்களுக்குத் தனிப் பிரிவு இருந்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் ஒரு பெண்ணைக்கூட நாம் காண முடியாது.

ஆனால் தசைவலிமை தீர்மானிக்காத களத்தில் நடந்ததைக் கேளுங்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில், பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ஸ்கீட் போட்டியில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே கலந்துகொண்டார்கள். சீனாவின் ஜாங் ஷான் என்ற இளம்பெண் எல்லா ஆண்களையும் வென்று தங்கம் பெற்றார். அடுத்த ஒலிம்பிக்கில் அந்தப் போட்டி ஆண்களுக்கு மட்டும் என்றாயிற்று. பெண்களுக்கான பிரிவு 2000-இல், சிட்னியில்தான் வந்தது. இதை முதன்முதலில் படித்தபோது எழுந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. 1928 ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடிய பெண்கள் களைத்து விழுந்தார்கள் என்று காரணம் காட்டி, 1960 வரை அந்த ஓட்டத்தையே அவர்களுக்கு இல்லாமல் செய்தவர்களும் உண்டு.

இனி நம் ஊருக்கு வருகிறேன். முட்டத்திலிருந்து தூத்தூர் வரை கால்பந்தை உயிராக நினைக்கும் கடற்கரை ஊர்கள் நம்முடையவை. மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள்: மணலில் பந்து உதைப்பவர்கள் அத்தனை பேரும் பையன்கள்.

நான் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தபோது, ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, பாவாடையை ஊக்கால் குத்திக்கொண்டு, செம்மண் தரையில் வெறுங்காலோடு ஓடி, உடன் ஓடிய பையன்களையெல்லாம் பின்தள்ளினாள். மறு ஆண்டு அவள் மைதானத்துக்கு வரவில்லை. வீடு தேடிப் போனேன். "பெரிய பிள்ளையாயாச்சு டீச்சர், இனி என்னத்துக்கு ஓட்டமும் சாட்டமும்? அரை டவுசரப் போட்டுட்டு ஓடினா ஊரு என்ன சொல்லும்?" என்றார் அவளுடைய அம்மை. கதவுக்குப் பின்னால் அந்தப் பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். அவள் காலைத்தான் நான் பார்த்தேன்.

பையனின் உடல் வலுக்கத் தொடங்கும் அதே வயதில் பெண்ணை வீட்டுக்குள் அழைத்துக்கொள்கிறோம். இயற்கை வைத்த இடைவெளியோடு நாம் வைத்த இடைவெளியும் சேர்ந்துகொள்கிறது. பிறகு இரண்டையும் கூட்டி, "பெண்ணால் முடியாது" என்கிறோம். மார்பை மறைக்க மேலாடை அணியும் உரிமைக்காக நம் பாட்டிமார் போராடி, 1859-இல் திருவிதாங்கூர் அரசிடம் ஆணை பெற்ற மண் இது. பெண் எதை உடுத்த வேண்டும் என்று ஊர் தீர்மானிப்பதன் வலி நமக்குத் தெரியாததா?

ஊர்ப் பெரியவர்களிடம் நான் கேட்பது இதுதான். வாரத்தில் மூன்று நாள், ஐந்து மணி முதல் ஆறரை வரை, மைதானத்தைப் பெண்பிள்ளைகளுக்கு விடுங்கள். உடைமாற்ற ஓர் அறையும், தண்ணீர் வரும் கழிப்பறையும், இருட்டுவதற்குள் அவர்களை வீட்டில் கொண்டுவிட ஒரு பெரிய ஆளும் வேண்டும். அடுத்த திருவிழாக் கால்பந்துப் போட்டியில் அவர்களுக்கும் ஒரு கோப்பை வையுங்கள்.