நேற்றுதானே ஜெயித்தோம்!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சனிக்கிழமை மேட்சை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

தலைப்பை மறுபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஜெயித்துக்கொண்டிருக்கும் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் கோச்சை எப்போது வீட்டுக்கு அனுப்ப வேண்டும்? ஃபுட்பால் என்றால் நம் ஊர்க் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் பிடித்து ஓடியும் எறிந்தும் ஆடுகிற ஆட்டம். பெரிய கோப்பை வராதபோது என்கிறது எதிரணி. அவர் நடத்தை தவறினால் மட்டும்தான் என்கிறது எங்கள் அணி. எங்கள் அணித் தலைவி கணக்கு வழக்கெல்லாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் ஒரே ஓர் ஊரின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

2003 ஆகஸ்டில் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரத்துக்கு மேல்படிப்புக்குப் போய் இறங்கினேன். முதல் சனிக்கிழமை ஜன்னலைத் திறந்தால் தெருவே சிவப்பு. குழந்தை சிவப்பு, பாட்டி சிவப்பு, நாய்க்குக் கூடச் சிவப்புச் சட்டை. ஏதோ திருவிழா என்று நினைத்தேன். திருவிழாதான். அந்தப் பல்கலைக்கழகத்தின் மெமோரியல் ஸ்டேடியத்தில் 1962-இலிருந்து ஒவ்வோர் ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்திருக்கிறது. ஆட்ட நாளில் அந்த ஸ்டேடியத்தை ஓர் ஊர் என்று எண்ணினால், ஒமாகாவுக்கும் லிங்கனுக்கும் அடுத்து மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் அதுதான் என்பார்கள்.

நான் மாடியில் வாடகைக்கு இருந்தேன். கீழே வீட்டுக்காரர். எழுபது வயது, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆட்ட நாளில் ஒரே ஒரு சிவப்பு ஸ்வெட்டர்தான் போடுவார். இடது முழங்கையில் கிழிந்த இடத்தை அவர் மனைவி வேறொரு சிவப்பு நூலால் தைத்திருப்பார், அது தனியாகத் தெரியும். டிவியில் சத்தத்தை அணைத்துவிட்டு ரேடியோவை வைத்துக்கொள்வார். “டிவியில் பேசுகிறவன் யாரோ. ரேடியோவில் பேசுகிறவன் நம்மவன்” என்பார். ரேடியோவில் கிரிக்கெட் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த மனிதரை அந்த நிமிடமே பிடித்துப்போனது.

நவம்பர் 28, வெள்ளிக்கிழமை. நன்றி நவிலும் நாளுக்கு மறுநாள். நெப்ராஸ்கா கொலராடோவை அவர்கள் ஊரிலேயே போய் 31-22 என்று ஜெயித்தது. அந்த வருடத்தில் ஒன்பதாவது வெற்றி. பெரியவர் மேஜையைத் தட்டித் தட்டி உப்பு டப்பா கீழே விழுந்தது. மறுநாள் சனிக்கிழமை இரவு, விடுமுறைக்கு எல்லா மாணவர்களும் ஊருக்குப் போய்விட்டார்கள், நீ மட்டும் தனியாக என்ன சாப்பிடுவாய் என்று என்னைக் கீழே கூப்பிட்டார். மிச்சமிருந்த வான்கோழிக் கறியை ரொட்டிக்குள் வைத்துக் கையில் கொடுத்தார். அப்போது செய்தி வந்தது. தலைமைக் கோச் ஃபிராங்க் சோலிச் நீக்கப்பட்டார்.

பெரியவர் கடிக்கப்போன ரொட்டியைத் தட்டில் வைத்தார். என்னைப் பார்த்தார். “நேற்றுதானே ஜெயித்தோம்?” என்றார்.

நான் என்ன சொல்வேன்? ஊருக்கு வந்து மூன்று மாதம். அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தார். அவரிடம் திரும்பி, “நேற்றுதானே ஜெயித்தோம்!” என்றார், ஏதோ அந்த அம்மாதான் நீக்கினதுபோல. தொலைபேசி அடித்தது. அவர் தம்பி. எடுத்ததும் ஹலோ கிடையாது, “நேற்றுதானேடா ஜெயித்தோம்!” என்று ஒரு கத்தல். எல்லாம் முடிந்து, நான் மாடிப்படி ஏறும்போது, அவர் அடுக்களை விளக்கை அணைத்துக்கொண்டே யாரிடமும் இல்லாமல் சொன்னார், “நேற்றுதானே ஜெயித்தோம்.” நாலு முறை, நடுவர் அவர்களே. முதலில் கேள்வி, அப்புறம் புகார், அப்புறம் கோபம். நாலாவதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. சாவு வீட்டில் மட்டும் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன்.

அந்த சோலிச் யார்? அறுபதுகளில் அதே கல்லூரிக்கு ஆடிய மாணவர். உருவத்தில் சின்னவர், பயமே தெரியாதவர் என்று பட்டப்பெயர். லிங்கனில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு டாம் ஆஸ்பார்ன் என்ற மகத்தான கோச்சிடம் 19 ஆண்டுகள் உதவியாளர். ஆஸ்பார்ன் 25 ஆண்டுகளில் 255 ஆட்டம் ஜெயித்து, மூன்று தேசியப் பட்டம் வாங்கிவிட்டு, 1998-இல் வீட்டுச் சாவியை சோலிச் கையில் கொடுத்தார். ஆறு ஆண்டுகளில் சோலிச் 58 வெற்றி, 19 தோல்வி. 2002-இல் ஏழு ஜெயித்து ஏழு தோற்றார், மறைக்கவில்லை. அடுத்த ஆண்டே ஒன்பதுக்கு ஏறிவந்தார். அந்த ஏறிவந்த ஆண்டில்தான் நீக்கினார்கள். நம் அணி நடுத்தரத்துக்குச் சரிவதை அனுமதிக்க மாட்டேன் என்றார் விளையாட்டுத் துறை இயக்குநர்.

இங்கேதான் எதிரணி அண்ணன் ஒன்று சொன்னார். அரங்கமே கைதட்டியது, நானும் கேட்டேன். “ஆண்டுக்கு ஒன்பது ஜெயித்துப் பட்டம் கொண்டுவராதவர், கல்யாணப் பந்தியில் சாம்பார், ரசம், மோர் எல்லாம் ஊற்றிவிட்டுப் பாயசம் வைக்காத சமையற்காரர். அடுத்த கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிடுவோமா?” என்றார்.

அண்ணே, பாயசத்தை நீங்கள் எடுத்தீர்கள். இனி நான் விடமாட்டேன்.

நெப்ராஸ்கா தன் கான்ஃபரன்ஸ் பட்டத்தை, அதாவது தங்களுக்குள் மோதும் கல்லூரிகளின் குழுவில் முதலிடத்தை, கடைசியாக வாங்கிய ஆண்டு 1999. பன்னிரண்டு வெற்றி, ஒரே தோல்வி. அப்போது கோச் யார்? இதே சோலிச்! அந்த வீட்டு அடுப்பில் கடைசியாகப் பாயசம் கொதித்தது அவர் கையால்தான், அண்ணே. அவரை அனுப்பிய பிறகு இன்றுவரை அந்தப் பந்தியில் யாரும் பாயசத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. 2001-இல் தேசியப் பட்ட ஆட்டம் வரைக்கும் அவர் கொண்டுபோனார். மயாமியிடம் 37-14 என்று தோற்றார். அதாவது பாயசம் இலைக்கு ஒரு முழம் தள்ளி வரைக்கும் வந்து கவிழ்ந்தது. கவிழ்ந்ததற்குத் திட்டுங்கள். வைக்கவே தெரியாதவர் என்று சொல்லாதீர்கள்.

சரி, சமையற்காரரை அனுப்பினீர்கள். அடுத்தவரைக் கையோடு வைத்திருந்தீர்களா? புதிய கோச்சைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆனது தெரியுமா? நாற்பத்தொரு நாள்! ஒரு மண்டலம்! ஐயப்பனுக்கு மாலை போட்டவர் விரதம் இருந்து, மலையேறி, நெய்யபிஷேகம் முடித்து, அரவணைப் பாயசத்தோடு வீட்டுக்கு வந்திருப்பார். இங்கே இலை போட்டபடி இருக்கிறது, அடுப்பு அணைந்தபடி இருக்கிறது. ஒருவழியாக வந்தவர் பில் காலஹன். தொழில்முறை அணியில் வேலை பார்த்தவர், நல்ல கோச், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இவர்கள் வீடு நாற்பது வருடமாகப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி ஓடி ஜெயித்த வீடு. அவர் தெரிந்துவைத்திருந்தது எறிந்து ஜெயிக்கும் ஆட்டம். இட்லிக் கொப்பரையும் இட்லி மாவும் இருக்கிற சமையலறையில் பீட்சா மாஸ்டரைக் கொண்டுவந்து நிறுத்தினால் அவர்தான் என்ன செய்வார்?

2004-இல் ஐந்து வெற்றி, ஆறு தோல்வி. 1961-க்குப் பிறகு அதுவரை அந்த ஊர் தோல்வி அதிகமான ஓர் ஆண்டைப் பார்த்ததே இல்லை. பவுல் ஆட்டம் என்பது நன்றாக ஆடிய அணிகளுக்கு மட்டும் பருவ முடிவில் கிடைக்கும் சிறப்பு ஆட்டம். தொடர்ந்து 35 ஆண்டுகள் அதற்குப் போன அணி அந்த டிசம்பரில் வீட்டில் உட்கார்ந்திருந்தது. டெக்சாஸ் டெக்கிடம் 70-10! என் வீட்டுக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டு வெளியே போய்க் காய்ந்த இலைகளை வாரிக்கொண்டிருந்தார். பாயசம் இல்லை என்று எழுந்து போனவர்கள், அண்ணே, அன்றைக்கு மோருக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான்கே ஆண்டில் அந்தக் கோச்சும் போனார், நீக்கிய இயக்குநரும் போனார். அப்புறம் போ பெலினி வந்தார். ஆண்டு தவறாமல் ஒன்பது, பத்து என்று ஜெயித்தார். வாய் கொஞ்சம் கடுமை, ரசிகர்களையே திட்டிய ஒலிப்பதிவு ஒன்று வெளியே வந்தது. அதற்காக நீக்கியிருந்தால் நான் இந்தப் பக்கம் நின்று பேசியிருக்க மாட்டேன். அப்போது வைத்துக்கொண்டார்கள். 2014-இல் ஐயோவாவை வெள்ளிக்கிழமை ஜெயித்தார், ஞாயிற்றுக்கிழமை அனுப்பினார்கள். மறுபடியும் ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி. அச்சு அசல் சோலிச் கணக்கு. அடுத்து வந்தவர் 19 வெற்றி, 19 தோல்வி. அதற்கும் அடுத்தவர் அந்த ஊரின் சொந்தப் பிள்ளை, 16 வெற்றி, 31 தோல்வி. ஒன்பது என்ற எண்ணைக் கேவலமாகப் பேசிய ஊர், பவுல் ஆட்டத்துக்குத் தேவையான ஆறாவது வெற்றிக்கு விரதம் இருந்தது.

ஜெயித்த கோச்சை அனுப்பிய ஜார்ஜியா பட்டம் வாங்கவில்லையா என்று எதிரணியில் கேட்டீர்கள். உண்மைதான். 2015-இல் 145 ஆட்டம் ஜெயித்த மார்க் ரிக்ட்டை அனுப்பினார்கள். கிர்பி ஸ்மார்ட் வந்தார், 2021-க்கும் 2022-க்கும் தேசியப் பட்டம் வாங்கினார். ஆனால் ஸ்மார்ட் அதே ஜார்ஜியாவுக்கு ஆடியவர், பக்கத்து மாநிலமான அலபாமாவில் தொழில் பழுத்து நின்றவர். மாப்பிள்ளை வாசலில் நிற்கும்போது பழைய நிச்சயத்தை முறித்தார்கள். எல்லோர் வாசலிலும் மாப்பிள்ளை நிற்பதில்லை. டென்னசியும் 1998-இல் தேசியப் பட்டம் வாங்கிக்கொடுத்த ஃபில் ஃபுல்மரை 2008-இல் அனுப்பியது. பிறகு வந்த கோச்சுகளை எண்ண ஒரு கை விரல்கள் முழுவதும் தேவைப்படும்.

காசையும் பாருங்கள். 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம், ஜிம்போ ஃபிஷரை அனுப்பியது. ஒப்பந்தப்படி அவருக்குச் சேரவேண்டியது 75 மில்லியன் டாலருக்கும் மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கு! அதற்கு முந்தைய நாள் என்ன நடந்தது? மிசிசிப்பி ஸ்டேட்டை 51-10 என்று ஜெயித்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் டெக்சாசில் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பார்?

அதேதான்.

அப்படியானால் எப்போதுதான் நீக்குவது? 1978 டிசம்பர் 29, கேட்டர் பவுல். ஒஹாயோ ஸ்டேட்டின் வுடி ஹேஸ். 28 ஆண்டுகள், 205 வெற்றிகள், ஐந்து தேசியப் பட்டங்கள். கடைசி நிமிடங்களில் எதிரணியான கிளெம்சன் பையன் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி, எல்லைக்கோட்டருகே விழுந்து எழுகிறான். ஹேஸ் அவனை அடித்துவிட்டார். நாடே டிவியில் பார்த்தது. மறுநாள் நீக்கினார்கள். 205-ஐயும் ஐந்தையும் ஒரு தட்டில் வைத்தார்கள், அந்தப் பையனை மறு தட்டில் வைத்தார்கள். பையன் இருந்த தட்டு தாழ்ந்தது. இதுதான் கல்லூரி! கோச்சின் கையில் ஒப்படைப்பது கோப்பையை அல்ல, பதினெட்டு வயதுப் பிள்ளைகளை. அந்தப் பிள்ளைகள் மேல் கை பட்டால், எத்தனை ஜெயித்தவராக இருந்தாலும் அன்றே அனுப்புங்கள். மற்றபடி...

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரு நிமிடம் கொடுங்கள் ஐயா, முடித்துவிடுகிறேன்.

லிங்கனில் நீக்கப்பட்ட சோலிச் ஒருவரையும் குறை சொல்லித் திரியவில்லை. 2005-இல் ஒஹாயோ பல்கலைக்கழகம் என்ற இடத்துக்குப் போனார். ஒஹாயோ ஸ்டேட் இல்லை, ஏதென்ஸ் என்ற சின்ன ஊரில் இருக்கும் கல்லூரி. அவர்கள் சரித்திரத்திலேயே பவுல் ஆட்டம் ஒன்றை ஜெயித்ததில்லை. 2011-இல் ஜெயித்துக்கொடுத்தார். 115 வெற்றிகள். உடல்நிலை காரணமாக 2021-இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

2023 ஏப்ரல் மாதம். நெப்ராஸ்காவின் புதிய கோச் மேட் ரூல் கூப்பிட்டு, இளவேனில் பயிற்சி ஆட்டத்துக்கு மெமோரியல் ஸ்டேடியத்துக்கு சோலிச் திரும்பி வந்தார். அன்றைய ஆட்டமே அவருக்கு மரியாதையாக நடந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து. அந்த ஸ்டேடியத்தின் சுவரில் கட்டிய காலத்திலேயே கல்லில் வெட்டிய வரிகள் உண்டு. வெற்றி அல்ல, செயல். இலக்கு அல்ல, ஆட்டம். செய்வதிலேயே புகழ் என்று பொருள். அந்தக் கல்லைத் தாண்டித்தான் 2003-இல் அவர் வெளியே போயிருந்தார்.

நான் செய்தியைக் கைபேசியில் பார்த்தேன். உடனே வீட்டுக்காரர் எண்ணைத் தேடினேன். இருந்தது. அடிக்கவில்லை. அவர் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. அவர் மகள் அப்போது எனக்கு ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தார். பிரித்தால் அந்தச் சிவப்பு ஸ்வெட்டர், இடது முழங்கையில் வேறு நூலில் தைத்த ஒட்டோடு. அன்றைக்கு அதை எடுத்துப் போட்டுக்கொண்டேன். எனக்குத் தோள் கொஞ்சம் பெரிது. டிவி சத்தத்தை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரு மனிதர் அடுக்களையில் நின்று நாலு முறை கேட்ட கேள்விக்கு அந்த ஊர் பதில் சொல்ல இருபது வருடம் எடுத்துக்கொண்டது. கேட்டவர் இல்லை.

நடுவர் அவர்களே, நன்றி. வணக்கம்.