ஒரே கறி, ஒரே கல், ஒரே உப்பு… ஒரு பர்கர் மட்டும் ஏன் இவ்வளவு ருசி?

[திரையில்: குறுக்காக வெட்டிய இரண்டு கறிவில்லைகள், மிக அருகில்]

இந்த இரண்டையும் உற்றுப் பாருங்கள். ஒரே இறைச்சி, ஒரே அளவு உப்பு, ஒரே தீ. இடது பக்கம் இருப்பதன் உட்புறம் வழவழவென்று, இடைவெளியே இல்லாமல் இறுகிக் கிடக்கிறது. விரலால் அமுக்கினால் மீண்டும் எழும்பி வருகிறது. வலது பக்கம் இருப்பதில் கறித் துணுக்குகள் தனித்தனியாகத் தெரிகின்றன. இடுக்குகளில் சாறு மினுமினுக்கிறது. அமுக்கினால் பொலபொலவென்று உதிர்கிறது.

இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றுதான். இடது பக்கத்துக் கறியில் உப்பை முதலிலேயே போட்டுப் பிசைந்தோம். வலது பக்கத்துக் கறியைக் கல்லில் போட்ட பிறகு மேலே உப்பு தூவினோம். அவ்வளவுதான்!

வணக்கம். வீட்டில் பர்கர் செய்து, “கடையில் சாப்பிடுவது போல வரவில்லையே” என்று அலுத்துக்கொண்டவர்களுக்காகவே இந்த வீடியோ. விலை உயர்ந்த கறி வேண்டாம், ரகசிய மசாலாவும் வேண்டாம். உப்பை எப்போது போடுவது, எப்போது அழுத்துவது, எப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்பது தெரிந்தால் போதும்.

வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். கொத்திய மாட்டிறைச்சியைத் தட்டிச் சுடும் பழக்கம் ஜெர்மானியக் குடியேறிகளோடு அமெரிக்காவுக்குப் போனது; அதை ரொட்டிக்கு நடுவே முதலில் வைத்தது யார் என்று பல அமெரிக்க ஊர்கள் இன்றுவரை உரிமை கொண்டாடுகின்றன. அந்த வழக்கை அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும். நாம் அடுப்படிக்குப் போவோம்.

[காட்சி: கொத்துக்கறியில் உப்பு விழுகிறது]

உப்பு என்ன செய்கிறது? தசையில் மயோசின் என்று ஒரு புரதம் இருக்கிறது. உப்பு பட்டால் அது கரைந்து பசை போலாகும். பிசையப் பிசையப் பசை கூடும். சூடு ஏறியதும் அந்தப் பசை இறுகி, துணுக்குகளை எல்லாம் ஒன்றாகக் கட்டிப் போட்டுவிடும். சாசேஜ் செய்கிறவர்கள் இதைத் தெரிந்தேதான் செய்கிறார்கள். அவர்களுக்கு அந்த இறுக்கம் வேண்டும். பர்கருக்கு அது ஆகவே ஆகாது. நல்ல பர்கர் கடித்தவுடன் வாய்க்குள் உதிர வேண்டும்.

ஆகவே கொத்துக்கறியில் உப்பும் வேண்டாம், முட்டையும் வேண்டாம், ரொட்டித் தூளும் வேண்டாம். முட்டையும் ரொட்டித் தூளும் சேர்த்தால் அது வேறொரு பண்டம். அதுவும் நல்ல பண்டம்தான், ஆனால் இன்று நாம் செய்யப்போவது அது இல்லை. கறியைக் கையால் அதிகம் தொடவும் வேண்டாம். கைச்சூட்டில் கொழுப்பு இளகிக் கறியோடு மசிந்துவிடும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து கடைசி நிமிடத்தில் எடுங்கள். தளர்வாக உருட்டுங்கள். உருண்டையில் விரிசல் தெரிந்தால் கவலைப்படாதீர்கள், அப்படித்தான் இருக்க வேண்டும்.

கொழுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 100 கிராம் கொத்துக்கறியில் 20 கிராம் கொழுப்பு இருந்தால் பர்கருக்கு உத்தமம். “கொழுப்பே இல்லாத கறியாகக் கொடுங்கள்” என்று கேட்டு வாங்கி வந்துவிட்டு, பர்கர் வறண்டு போனது என்று பிறகு வருத்தப்படாதீர்கள். கறிக்காரரிடம் முன்தோள் பகுதியைக் கேளுங்கள். ஓரளவு பெருவெட்டாகக் கொத்தித் தரச் சொல்லுங்கள்.

[காட்சி: கனமான இரும்புக் கல், கீழே முழுத் தீ]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். இங்கே கொஞ்சம் நிதானமாகவே பேசப்போகிறேன்; தாவிப் போய்விடாதீர்கள். பர்கரின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

கறி வெந்தால் மட்டும் மணம் வராது. தண்ணீரில் வேகவைத்த கறியையும் கல்லில் சுட்ட கறியையும் முகர்ந்து பாருங்கள், இரண்டும் வேறு உலகம். சுட்ட கறியின் அந்தப் பழுப்பு நிற முறுகலுக்குப் பின்னால் ஒரு வேதிவினை இருக்கிறது. கறியில் உள்ள அமினோ அமிலங்களும் சிலவகைச் சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து, ஒன்றிலிருந்து ஒன்றாக நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மையார் 1912-இல் இதை விவரித்து எழுதினார். அவர் பெயராலேயே இன்றும் மையார் வினை என்கிறோம். காப்பிக்கொட்டை வறுபடும்போதும் ரொட்டியின் மேல்தோல் சிவக்கும்போதும் நடப்பது இதே வினைதான்.

இந்த வினைக்கு ஒரே எதிரி தண்ணீர். திறந்த கல்லில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகும். மையார் வினையோ சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் சுறுசுறுப்பாக நடக்கும். கறியின் அடியில் ஈரம் இருக்கும் வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. ஈரம் முழுவதும் ஓடிய பிறகே முறுகல் பிறக்கும். கல்லில் போட்டதும் சடசடவென்று ஒரு சத்தம் கேட்கிறதே, அது ஈரம் வெளியேறும் சத்தம்.

இப்போது வில்லையின் அடிப்புறத்தை நினைத்துப் பாருங்கள். கொத்துக்கறியின் மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக இருக்கும். சும்மா வைத்தால் மேடுகள் மட்டும் கல்லைத் தொடும், பள்ளங்களில் ஆவி தேங்கும். அங்கங்கே பழுப்பு, அங்கங்கே சாம்பல் நிறம் என்று ஒரு திட்டுத் திட்டான வில்லைதான் கிடைக்கும். அதற்காகத்தான் அழுத்துகிறோம்! முழு அடிப்புறமும் கல்லோடு ஒட்டியவுடன் ஈரம் ஓடுகிறது, முறுகல் முழுமையாகப் பிடிக்கிறது.

“பர்கரை அழுத்தவே கூடாது, சாறு போய்விடும்” என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் உண்மைதான்! இரண்டும் எப்படி உண்மையாகும்? விடை நேரத்தில் இருக்கிறது. கல்லில் விழுந்த முதல் அரை நிமிடத்தில் கறி இன்னும் குளிர்ந்திருக்கிறது, கொழுப்பு கெட்டியாக இருக்கிறது. அப்போது எவ்வளவு அழுத்தினாலும் வடிந்து போக உள்ளே எதுவும் உருகியிருக்காது. கொஞ்ச நேரம் போனால் கொழுப்பு உருகிவிடும், புரதம் சுருங்கிச் சாற்றை வெளியே தள்ளத் தொடங்கும். அதன் பிறகு அழுத்தினால் சாறெல்லாம் கல்லுக்குத்தான். முதல் அரை நிமிடம் உங்கள் பலத்தைக் காட்டுங்கள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.

செய்துகாட்டுகிறேன். கல் நன்றாகக் காயட்டும். ஒரு துளி தண்ணீர் விட்டால் அது முத்தாக உருண்டு ஓட வேண்டும். ஒட்டாத பூச்சு போட்ட பாத்திரத்தை இவ்வளவு சூடாக்காதீர்கள், பூச்சு கெட்டுவிடும். இரும்போ வார்ப்பிரும்போதான் இதற்குச் சரி. சன்னலைத் திறந்து வையுங்கள், புகை வரும். 60 முதல் 80 கிராம் எடையுள்ள உருண்டையை வைக்கிறேன். மேலே சமையல் தாள் ஒன்று, அதன் மேல் தட்டைக் கரண்டி. உடம்பின் பாரத்தை இறக்கி, பத்து விநாடி அழுத்துகிறேன். பன்னைவிட ஒரு விரல் அகலம் பெரிதாக இருக்கட்டும், சுருங்கி அளவுக்கு வந்துவிடும். தாளை எடுக்கிறேன். இப்போதுதான் உப்பு. கூடவே மிளகுத்தூள்.

[காட்சி: வில்லையின் ஓரம், மிக அருகில்]

ஓரத்தைக் கவனியுங்கள். நடுவைவிட மெலிந்த அந்த ஓரம் முதலில் பழுப்பாகி, சின்னச் சின்ன ஓட்டைகளோடு சரிகைக் கரை போல நெளிகிறது. மேற்புறத்தில் சாம்பல் நிறம் பரவி, சாறு முத்து முத்தாக எழும்புகிறது. ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும். இப்போது கரண்டியைச் சரித்துப் பிடித்து, கல்லைச் சுரண்டுவது போல அடியில் ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். தயங்கித் தயங்கித் தூக்கினால் முறுகல் கல்லிலேயே தங்கிவிடும், கறி மட்டும் உங்களோடு வரும். பாடுபட்டு உண்டாக்கிய முறுகலை விட்டுவிட்டு வரலாமா? திருப்பிய பிறகு அரை நிமிடம் போதும். கல்லில் ஒரே நேரத்தில் நிறைய வில்லைகளை நெருக்கிப் போடாதீர்கள். சூடு இறங்கி எல்லாம் ஆவியில் வெந்துவிடும்.

ஆவி என்றதும் ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். முறுகலே இல்லாமல் புகழ்பெற்ற பர்கர் ஒன்று இருக்கிறது! அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் விச்சிட்டா என்ற ஊரில் 1921-இல் ஒயிட் காசில் என்ற கடை தொடங்கியது. அவர்களுடைய வில்லை சின்னது, சதுரமானது, நடுவே ஐந்து துளைகள். கல்லில் வெங்காயத்தைப் பரப்பி, அதன் மேல் வில்லையை வைத்து, அதற்கும் மேல் பன்னை வைத்துவிடுகிறார்கள். வெங்காய ஆவி துளைகள் வழியாக ஏறிக் கறியையும் வேகவைத்து, பன்னையும் மெத்தென்று ஆக்குகிறது. திருப்பும் வேலையே இல்லை. மையார் தர வேண்டிய மணத்தை அங்கே வெங்காயம் தருகிறது.

ஓக்லஹோமா மாநிலத்தின் எல் ரீனோ ஊர்க்காரர்கள் 1920-களிலேயே இன்னொரு வழி பிடித்தார்கள். கறியைக் குறைத்து வெங்காயத்தைக் கூட்டினார்கள். மெல்லியதாகச் சீவிய வெங்காயத்தைக் கறியின் மேல் குவித்து, கரண்டியால் அழுத்திக் கறிக்குள்ளேயே பதித்துவிடுவார்கள். திருப்பிப் போட்டதும் வெங்காயம் கொழுப்பில் வதங்கிப் பொன்னிறமாகி, ஓரத்தில் கருகும். முறுகலும் உண்டு, வெங்காயமும் உண்டு. என்னைக் கேட்டால் உலகத்தின் மிகச் சிறந்த பர்கர் இதுதான். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், விவாதிப்போம்!

[காட்சி: வில்லையின் மேல் உருகும் சீஸ்]

சீஸ். திருப்பிய கணமே வைத்துவிடுங்கள். நன்கு முதிர்ந்த செடார் ருசியானது, ஆனால் சூட்டில் எண்ணெய் தனியாகப் பிரிந்து ஓடும். பதப்படுத்திய சீஸ் துண்டு அப்படிப் பிரியாது. அதில் சேர்க்கும் சோடியம் சிட்ரேட் போன்ற உப்புகள் சீஸில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால், புரதம் தளர்ந்து கொழுப்பைத் தன்னோடு அணைத்து வைத்திருக்கிறது. சீஸ் வியாபாரி ஜேம்ஸ் கிராஃப்ட், சீஸைச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறை ஒன்றுக்கு 1916-இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். சீஸ் பிரியர்கள் பலர் இதைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள். பர்கரைப் பொறுத்தவரை நான் அதன் கட்சி. சாறோடு கலந்து அதுவே ஒரு சாஸ் ஆகிவிடுகிறது.

பன் மெத்தென்று இருக்க வேண்டும், அமுக்கினால் அடங்க வேண்டும். வெட்டிய பக்கத்தில் வெண்ணெயோ மயோனைஸோ தடவி, மிதமான சூட்டில் பொன்னிறமாக வாட்டுங்கள். வாட்டிய அந்தப் பரப்பு சாறு உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும். வாட்டாத பன்னில் பர்கர் வைப்பதை என்னால் மன்னிக்க முடியாது!

அடுக்கும்போது லெட்டூஸைக் கறிக்குக் கீழே வைத்தால் அதுவும் அடிப் பன்னை நனையாமல் காக்கும். தக்காளி வைப்பதானால் உப்பு தூவி, ஐந்து நிமிடம் கழித்துத் தாளில் ஒற்றி எடுங்கள். புளிப்புக்கு வினிகரில் ஊறவைத்த வெள்ளரி கட்டாயம் வேண்டும். இவ்வளவு கொழுப்பை அந்தப் புளிப்புதான் சமன் செய்கிறது. சாஸுக்கு மயோனைஸ், கடுகு சாஸ், கொஞ்சம் தக்காளி சாஸ், பொடியாக நறுக்கிய அதே வெள்ளரி.

தடிமனான வில்லைதான் பிடிக்கும் என்றால் அழுத்த வேண்டாம். நடுவில் கட்டைவிரலால் ஒரு பள்ளம் மட்டும் போடுங்கள், இல்லாவிட்டால் உப்பிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை, இது விளையாட்டு இல்லை. முழுத் துண்டுக் கறியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும், சுட்டால் செத்துவிடும். கொத்தும்போதோ மேற்பரப்பில் இருந்தது உள்ளே முழுவதும் கலந்துவிடுகிறது. ஆகவே கொத்திய மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் உள்ளே 71 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும். கோழியானால் 74. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நிறம் ஏமாற்றும். தடிமனாகச் செய்கிறவர்கள் ஒரு சமையல் வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள்.

சைவ நண்பர்களே, உங்களை மறக்கவில்லை. ராஜ்மா போன்ற பீன்ஸோ காளானோ எதுவானாலும் அங்கேயும் எதிரி அதே ஈரம்தான். வேகவைத்த பீன்ஸைத் தட்டில் பரப்பி, ஓவனில் நன்றாக உலர்த்திய பிறகு மசியுங்கள். காளானைத் தண்ணீர் வற்றும் வரை வதக்குங்கள். வில்லை குழையாமல் நிற்கும், முறுகலும் பிடிக்கும். இதற்கே தனி வீடியோ செய்யும் அளவுக்கு விஷயம் இருக்கிறது. வேண்டும் என்றால் சொல்லுங்கள், செய்துவிடலாம்.

கடைசியாக, எல்லோரையும் மேசையில் உட்காரவைத்துவிட்டுக் கறியைக் கல்லில் போடுங்கள். பன்னும் சாஸும் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், ஆறினால் முறுகல் நமத்துப் போகும். செய்து பார்த்துவிட்டு, மேலே இருந்து எடுத்த படத்தை அனுப்பாதீர்கள். வில்லையின் அடிப்புறத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், நான் பார்க்க விரும்புவது அதைத்தான்.