குண்டு மென்மையா கெட்டியா என்பது அப்புறம், முதலில் அளவு

[திரையில்: ரிவால்வர் குழலின் உட்புறம், வரிப்பள்ளங்களில் சாம்பல் நிறத் தீற்றல்]

இது ஈயம். வார்த்த ஈயக் குண்டுகளைச் சுட்ட பிறகு குழலுக்குள் இப்படி அப்பிக்கொள்ளும். குறி தவறும், தேய்த்து எடுப்பதற்குள் கை கடுத்துவிடும்.

அமெரிக்காவில் சுட்ட பித்தளைக் கூடுகளை வீட்டிலேயே மறுபடி நிரப்புகிறவர்கள் ஏராளம். ரீலோடிங் என்பார்கள். ஈயம் ஒட்டுகிறது என்று அவர்களில் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், "இன்னும் கெட்டியான குண்டு வாங்கு" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். பாதி நேரம் அதனால் நிலைமை இன்னும் மோசமாகும்.

ஏன் என்று பார்ப்போம். குண்டு குழலைவிட ஒரு துளி சின்னதாக இருந்தால் அதன் ஓரத்தில் இடைவெளி விழும். எரிகிற வெடிமருந்தின் சூடான வாயு அந்த இடைவெளி வழியாகப் பீறிட்டு, குண்டின் விளிம்பை அரித்து, ஈயத்தைக் குழலில் பூசிவிடும். அந்த இடைவெளியை அடைத்தாக வேண்டும். அதற்குத்தான் வார்த்த குண்டு குழலின் பள்ள அளவைவிட (உட்புற வரிப்பள்ளங்களின் அடிவரை அளந்த விட்டம்) அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பெரிதாக இருக்க வேண்டும் என்பார்கள். .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாவுக்குச் செம்பு உறை போட்ட குண்டு 0.357 அங்குலம், வார்த்த குண்டு 0.358.

ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் அளவை நம்பிவிடாதீர்கள். .45 கோல்ட் ரிவால்வர்களில் பழையவற்றின் பள்ள அளவு 0.454 அங்குலம். பிந்தியவற்றில் 0.451, 0.452. பெயர் மட்டும் ஒன்றுதான்.

[திரையில்: மரக்கோல், சின்னச் சுத்தியல், ஈய உருண்டை]

அதனால் உங்கள் குழலை நீங்களே அளந்துகொள்ளுங்கள். துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, எண்ணெய் தடவிய சுத்த ஈய உருண்டை ஒன்றைக் குழலுக்குள் மெல்லத் தட்டி மறுபக்கம் எடுங்கள். வெளியே வரும் ஈயத்தில் பள்ளங்களின் அச்சு அப்படியே பதிந்திருக்கும். அதை மைக்ரோமீட்டரில் வைத்து அளக்கலாம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்களில் ஐந்து பள்ளம், ஒன்றுக்கு நேரெதிரே இன்னொன்று அமையாது. சாதாரண மைக்ரோமீட்டர் அங்கே ஏமாற்றும், வி வடிவத் தாங்கி உள்ளதுதான் சரிப்படும்.

ரிவால்வரில் சிலிண்டரின் முன்வாயையும் அளக்க வேண்டும். 'த்ரோட்' என்பது அதுதான். அது குழலைவிடக் குறுகலாக இருந்தால், எவ்வளவு பெரிய குண்டு போட்டாலும் சுருங்கித்தான் குழலுக்குள் நுழையும்.

சரி, கெட்டித்தன்மைக்கு வருவோம். இதைப் பிரினெல் எண்ணில் சொல்வார்கள். சுத்த ஈயம் 5, நகத்தால் கீறினாலே கோடு விழும். 90 பங்கு ஈயத்தோடு வெள்ளீயமும் ஆன்டிமனியும் ஐந்தைந்து பங்கு சேர்ந்தால் சுமார் 15. அச்சகங்களில் புழங்கிய லினோடைப் உலோகம் 22. சோதிக்கக் கருவி இல்லாதவர்கள் ஓவியர்களின் பென்சில் பெட்டியை எடுத்து, மென்மையான 6பி-யில் தொடங்கிக் கெட்டியானவை நோக்கிப் போய், எந்தப் பென்சில் ஈயத்தை முதலில் செதுக்குகிறது என்று பார்ப்பார்கள். கேலியாகத் தோன்றினாலும் வேலைக்கு ஆகிற வித்தை.

அழுத்தம் போதுமானதாக இருந்தால் குண்டின் அடிப்பாகம் விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும். 1849-இல் பிரான்சில் ராணுவ அதிகாரி மினியே வடிவமைத்த குண்டு பின்புறம் குழிவாக இருந்ததும் இப்படி விரிவதற்காகத்தான். இதற்கு ரீலோடர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: பிரினெல் எண்ணை 1422-ஆல் பெருக்கினால் தேவையான அழுத்தம் பிஎஸ்ஐ-யில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவில்) கிடைக்கும். 20 பிரினெல் குண்டுக்கு 28,440 வேண்டும். .38 ஸ்பெஷலின் உச்ச வரம்போ 17,000. அந்தக் கெட்டிக் குண்டு எங்கே விரிய? அளவும் சின்னதாக இருந்துவிட்டால் வாயுவுக்கு வழி திறந்தே கிடக்கும். 35,000 வரை போகும் .357 மேக்னத்தில் அதே குண்டு பொருந்தும். .38-க்கு 10, 12 போதும் என்பேன்.

கடைசியாக ஒன்று, பலர் கோட்டைவிடும் இடம். சரியான அளவில் வாங்கிய குண்டைப் பித்தளைக் கூடே நெரித்துச் சின்னதாக்கிவிடலாம், 9 எம்எம்-மில் குறிப்பாக. மருந்தும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாமல் ஒரு டம்மி செய்து, குண்டைப் பிடுங்கி மறுபடி அளந்து பாருங்கள். 0.356 அங்குலம் போட்டது 0.354 ஆகி வந்தால், கூட்டின் வாயை விரிக்கும் எக்ஸ்பாண்டரைக் கொஞ்சம் பெரிதாக மாற்றுங்கள். குண்டை மாற்ற வேண்டியதில்லை.